அரை மூச்சு

புனித தோமாவுக்கான முதல் குவளை, தெர்லிஸ் ஜாடியைக் கீழே வைப்பதற்குள்ளேயே வற்றிவிட்டது.

இந்த ஊரில் எந்த வீட்டிலும் தெரெரே என்கிற குளிர்பானம் புனிதருக்கான குவளையோடுதான் தொடங்கும். கொம்புக் குவளையில் எர்பா இலைத்தூளைப் போட்டு, முதல் ஐஸ் தண்ணீரைப் புனிதர் பெயரில் வார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தூள் ஊறி ஊறித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதற்குள் ஒரு கதை பேசலாம், பக்கத்து வீட்டுக்காரனைக் கொஞ்சம் திட்டலாம். புனிதர் அவசரப்படுகிறவர் இல்லை. இன்று அவன் ஜாடியின் மூடியைத் திருகிவிட்டுத் திரும்பினால், தூள் வெறும் ஈரமாக, மேலே ஒரு நுரைக்குமிழி கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை வார்த்தான். விளிம்பு வரை நின்ற தண்ணீர் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று இறங்கிக் காணாமல் போனது. குவளையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவினான். ஓட்டை எதுவும் இல்லை.

வெயில்தான் என்று நினைத்துக்கொண்டான். சான் லொரென்சோவின் ஜனவரிக் கோடையில் எதற்கு வேண்டுமானாலும் வெயிலைக் குற்றம் சொல்லலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஜாடியை ஆட்டியபோது, இப்போதுதான் போட்ட ஐஸ் கட்டிகள் கலகலவென்று மோதவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. மேஜைக்கடியில் கணினி செத்துக் கிடந்தது. சரியாகச் சொன்னால் செத்தும் தொலையவில்லை, அதுதான் எரிச்சல். தானாக உயிர் வரும். விசிறிகள் உறுமும். திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். பிறகு டக்கென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிடும். களைத்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இடைவெளி விட்டு மறுபடியும் உறுமல். மதியச் சாப்பாட்டிலிருந்து இதே கூத்து.

தெர்லிஸின் பிழைப்பு அந்தப் பெட்டிதான். இன்னும் கட்டாத வீட்டை, சுவரில் வெயில் விழுவது வரைக்கும், நிஜம் போலப் படமாக்கிக் கட்டடக்காரர்களுக்குக் கொடுப்பான். படம் வரி வரியாக, ஆமை வேகத்தில்தான் உருவாகும். இன்று மாலை கொடுக்க வேண்டிய படம் நாளை வரை இழுக்கும் போலிருந்தது. அதனால் பிராசஸரின் வேகத்தைக் கூட்டினான். பயாஸ் என்கிற அமைப்புத் திரையில் இருந்த வேக எண்ணை ஒரு படி ஏற்றினான், ஓடியது. இன்னொரு படி ஏற்றினான், ஓடியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. தயாரித்தவர்கள் கனவிலும் நினைக்காத வேகத்துக்கு அதை ஏற்றி, சேமித்து, மறுதொடக்கம் கொடுத்தான். அதிலிருந்து திரை கருப்புதான்.

அந்த நேரத்தில் அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது கணினியை அல்ல, அடுத்த அறையில் தூங்குகிற மகளை. அராமிக்கு ஆறு வயது. டெங்கு வந்து ஒரு வாரம் துவண்டு கிடந்தாள். நேற்றுத்தான் காய்ச்சல் விட்டிருந்தது. மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி நிமியா வாசலில் நின்று அவனுக்குப் பரீட்சை வைத்துவிட்டுத்தான் போனாள்.

"நான் சொல்றது காதுல விழுதா, இல்ல அந்தப் பெட்டிக்குள்ளயே குடித்தனம் நடத்துறியா?"

"விழுது, நிமியா."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சொல்லு பாப்போம்."

"காய்ச்சல் விட்டுச்சுன்னு அசந்துடக் கூடாது. தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும். மூச்சு வேகமா ஓடினா ஒரு நிமிஷம் நிக்காம தூக்கிட்டு ஓடணும்."

"அதேதான். மூச்சு. மத்தது எதுவும் எனக்கு வேணாம். துணி காய வேணாம், பாத்திரம் கழுவ வேணாம். அவ மூச்சைப் பாத்துக்கோ, போதும்."

சொல்லிவிட்டுத் தன் கைக் குவளையை அவனிடம் நீட்டினாள். அவன் ஒரே இழுப்பில் உறிஞ்சிவிட்டு "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தான். நன்றி சொல்லிவிட்டால் இனி வேண்டாம் என்று அர்த்தம், அதற்கப்புறம் யாரும் வார்க்க மாட்டார்கள்.

"ஒண்ணோட நன்றியா? பெட்டி கூப்பிடுது போல," என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள்.

இப்போது சியெஸ்தா, மதியத் தூக்க நேரம். தெருவில் ஒரு காக்காய்க் குஞ்சு கூடக் கிடையாது. எல்லா வீட்டிலும் கதவு சாத்தி, திரை இழுத்து, உள்ளே ஆள் விழுந்து கிடப்பார்கள். இந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவையாவது தட்டினால் வருஷக் கணக்கில் பேச மாட்டார்கள். மாமரத்தில் சில்வண்டுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் உட்கார முடியாமல் தெர்லிஸ் கூடத்துக்கும் மகளின் அறைக்கும் நடந்தான். அராமி வாயை லேசாகத் திறந்து தூங்கினாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. சற்று மேலோட்டமாக இருந்ததோ? இல்லை, சீராகத்தான் இருந்தது. அவள் காலடியில் கிடந்த போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து, மைத்துனன் வில்ஃப்ரிதோவுக்குக் குரல் பதிவு அனுப்பினான். வில்ஃப்ரிதோ நிமியாவின் அண்ணன், எல்லை நகரத்தில் கணினிப் பாகங்கள் விற்கிறவன். இந்த மதர்போர்டும் பிராசஸரும் அவன் கடைச் சரக்குதான்.

"மச்சான், வேகத்தை ஏத்தினேன், இப்ப எழுந்திருக்க மாட்டேங்குது. தானா ஆன் ஆகுது, தானா ஆஃப் ஆகுது. திரை கருப்பு. சாயங்காலம் படம் குடுக்கணும். ஏதாவது வழி சொல்லு."

பதில் உடனே வந்தது. இவ்வளவு சீக்கிரம் வில்ஃப்ரிதோ எதற்கும் பதில் சொன்னது கிடையாது. பதிவை ஓட்டிக் கேட்டான். குரல் கீச்சுக் கீச்சென்று, ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு வந்தது. இரட்டை வேகத்தில் வைத்திருக்கிறேன் போல என்று பார்த்தான். இல்லை. சாதாரண வேகத்தில்தான் இருந்தது. பிறகு பாதி வேகத்துக்குக் குறைத்துக் கேட்டான். இப்போதுதான் அது வில்ஃப்ரிதோவின் குரலாக வந்தது.

"அட அறிவுக்கொழுந்தே! கழுதையை வாங்கிட்டுப் போய்க் குதிரைப் பந்தயத்துல விட்டியா? சரி, அழாதே. முதல்ல ராம், அந்த மெமரிப் பட்டை எல்லாத்தையும் கழட்டு. ஒண்ணே ஒண்ணை மட்டும் போட்டுப் பாரு. எழுந்திரிக்கலன்னா சொல்லு."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தரையில் படுத்தான். உள்ளேயிருந்து சூடான தூசி வாசனை வந்தது. கூடவே, அடுப்பில் வைத்து மறந்த வெற்றுப் பாத்திரத்தின் வாசனை மாதிரி ஏதோ ஒன்று. ராம் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்து, ஒன்றை மட்டும் திரும்பச் செருகிப் பட்டனைத் தட்டினான். உறுமல், கருப்புத் திரை, டக். வேறொன்றை மாற்றினான், இடத்தையும் மாற்றிப் பார்த்தான், அதே உறுமல், அதே டக். குனிந்த கழுத்து வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அப்போதுதான் அவனுக்குச் சில்வண்டுச் சத்தம் உறைத்தது. வழக்கமாக அலை மாதிரி எழும்பி அடங்கும். இப்போது அடங்கவே இல்லை. ஒரே இழையாக, மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது, ஊசி நுனியைக் காதுக்குள் திருகுவது போல.

தலைக்கு மேல் மின்விசிறியும் சரியில்லை. இறக்கைகள் தெரியாமல் சாம்பல் நிற வட்டமாகச் சுழன்றது. ஆனால் காற்று அப்படி வரவில்லை. எழுந்து போய்ச் சுவரிலிருந்த வேகத் திருகியைக் குறைத்தான், பிறகு அணைத்தான். வட்டம் அப்படியே சுழன்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவன் விரும்பவில்லை. பார்த்தான். நொடி முள் சுற்றிச் சுற்றி ஓடியது. நிமிட முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. மணி ஆறு என்றது. ஆனால் ஜன்னல் வழியே விழுந்த வெயில் பட்டை, சாப்பாட்டு நேரத்தில் எந்தத் தரை ஓட்டின் மேல் கிடந்ததோ அதே ஓட்டின் மேல்தான் கிடந்தது. பொழுதும் அவனும் மட்டும் பழைய வேகத்தில், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. நிமியா.

எடுத்தவுடன் காதில் கொட்டியது பேச்சா, கோழி தானியம் கொத்துகிற சத்தமா என்று தெரியவில்லை. "மெதுவா பேசு நிமியா, புரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும், அப்போதும் அது மூச்சிரைக்க ஓடித்தான் வந்தது.

"ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசறே? ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நான் ஒரு ஆளுக்கு மருந்து குடுத்துட்டு வந்துட்டேன். குடிச்சிருக்கியா?"

"இல்ல நிமியா, இங்க வீட்டுல என்னமோ..."

"அராமி எப்படி இருக்கா? மூச்சு எப்படி இருக்கு? தெர்லிஸ்? ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கறே? தெர்லிஸ்!"

அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். தொடர்பு அறுந்தது. அவனுடைய ஒரு வார்த்தைக்காக அங்கே அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ. திரும்ப அழைத்தான். மணி அடித்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒரு கீறல் சத்தம் கேட்டு நின்றது.

மூச்சு, என்றிருந்தாள்.

அறைக்குள் ஓடினான். அராமி மல்லாந்து கிடந்தாள். அவள் சட்டையின் முன்பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று என்று முதலில் நினைத்தான். அது காற்று இல்லை. அவள் நெஞ்சு. சிட்டுக்குருவியைக் கையில் பிடித்தால் எப்படித் துடிக்குமோ அப்படித் துடித்தது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாகத் தெரியவில்லை. மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் வெட்டி வெட்டி ஓடின.

"அராமி! கண்ணே! பப்பாவைப் பாரு!"

வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவளுடைய கை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சுருக்கென்று ஏதோ கிழித்தது. கம்பிக் கதவருகே நின்று அவள் கையைப் பிரித்துப் பார்த்தான்.

நகங்கள். காலையில்தான் நிமியா அவளை மடியில் வைத்து, ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். இப்போது விரல் நுனியைத் தாண்டி வளைந்து நீண்டிருந்தன. அவன் பார்க்கப் பார்க்க வளர்ந்தன.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு ஆள் இல்லை. மருத்துவமனைக்கு ஓடினாலும் அரைமணி நேரம். அவனுடைய அரைமணி. அதற்குள் இவளுக்கு எவ்வளவு போகும்? எத்தனை மாதம்? இந்த மெலிந்த உடம்பில் இன்னும் எவ்வளவு இருக்கிறது? கதவில் கை வைத்தபடி நின்றான். உள்ளே கூடத்திலிருந்து டக்கென்று கேட்டது. கணினி அணைந்தது.

அவன் தோளில் படபடத்துக்கொண்டிருந்த மூச்சு சற்றுத் தளர்ந்தது.

உறுமல். மூச்சு எகிறியது.

டக். தளர்ந்தது.

உறுமல். எகிறியது.

அவன் அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கூடத்துக்குப் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினான். விசிறிகள் ஓய்ந்தன. காத்திருந்தான். அறையிலிருந்து அந்தப் படபடப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. எகிறவும் இல்லை, தளரவும் இல்லை. மேஜை மேலிருந்த மாம்பழம் கருத்துச் சுருங்கிக் கிடந்தது. ஒரு ஈ அதைச் சுற்றிக் கோடாகப் பறந்தது.

தொலைபேசியில் வில்ஃப்ரிதோவின் இன்னொரு பதிவு வந்திருந்தது. பாதி வேகத்தில் வைத்தும் புரியவில்லை. துண்டு துண்டாக நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டான்.

"ராம் மாத்தியும் எழுந்திரிக்கலன்னா இதைக் கேளு. ப்ளக்கைப் புடுங்கிட்டா மறந்துடும்னு நெனைக்காதே மாப்ளே. போர்டுல காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும் பாரு. அது இருக்கிற வரைக்கும் நீ வெச்ச வேகம் அதுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கழட்டு. எல்லாத்தையும் மறந்து பழைய நிலைக்கு வந்துரும். வரலேன்னா..." இங்கே அவன் சிரித்தான். அந்த வேகத்தில் சிரிப்பு ஒரு கிழிசல் சத்தமாகக் கேட்டது. "வரலேன்னா போர்டு போச்சு. பட்டனை அழுத்துறப்ப ஒரு துடிப்பு வரும், நின்னுடும். திருப்பித் திருப்பி அழுத்திப் பாக்காதே. ஒவ்வொரு அழுத்துக்கும் உள்ள கொஞ்சம் கொஞ்சமா எரியும். கடைசியில அந்தத் துடிப்பும் இருக்காது."

பேட்டரி, பெரிய கிராபிக்ஸ் அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தது. திருகாணியைக் கழற்ற நேரம் இல்லை. அட்டையை அப்படியே பிடுங்கி எறிந்தான். சமையலறைக் கத்தியின் நுனியை வைத்து நெம்பினான். வழுக்கியது. விரலில் ரத்தம். மறுபடி நெம்பினான். க்ளிக்கென்று அந்த வெள்ளி வட்டு துள்ளித் தரையில் உருண்டது.

முதலில் இறங்கியது சில்வண்டுச் சத்தம். ஊசி போலிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, பழைய அலையாக, மாமரத்தின் சத்தமாக ஆனது. தலைக்கு மேல் சாம்பல் வட்டத்துக்குள் இறக்கைகள் தெரிந்தன. அறைக்குள் நுழைந்தபோது அராமியின் நெஞ்சு ஏறி இறங்குவது தனித்தனியாகத் தெரிந்தது. ஏறியது. இறங்கியது. நல்ல மூச்சு. காலையில் இருந்த அதே மூச்சு. கட்டிலருகே மண்டியிட்டு, அவள் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தெர்லிஸ் விக்கி விக்கி அழுதான். படம் போனால் போகட்டும். வேலை போனால் போகட்டும். இனி அந்தப் பெட்டியைத் தொட்டால் என் கையை வெட்டு என்று நிமியாவிடம் சொல்ல வேண்டும்.

"நன்றி," என்றான் புனிதரிடம், வாய்விட்டு. "நன்றி."

நெஞ்சு ஏறியது. இறங்கியது. மெல்ல ஏறியது. இன்னும் மெல்ல இறங்கியது. சில்வண்டுச் சத்தம் கனத்து, முனகலாகி, தவளைக் குரலாகி, பூமிக்கடியில் ஏதோ இழுபடுவது போலாகி, இல்லாமல் போனது. மறுபடி அவள் நெஞ்சு ஏறத் தொடங்கியது.

பாதியில் நின்றது.

காத்திருந்தான். அது மீதிப் பாதியை ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

"அராமி?"

அவன் குரல் அறைக்குள் எங்கும் பட்டுத் திரும்பவில்லை. ஜன்னல் திரைச்சீலை காற்றில் புடைத்தபடி நின்றது. மின்விசிறியின் இறக்கைகள் நின்றன. சமையலறைக் குழாயில் கழன்ற துளி, தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே நின்றது. கூடத்துக்கு ஓடினான். மாம்பழத்தின் மேல், ஒரு சாண் உயரத்தில், ஈ நின்றது. விரலால் தொட்டான். சுவரில் அடித்த ஆணி மாதிரி அது அசையவில்லை.

திரும்பி ஓடி வந்து மகளைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. கட்டிலோடு கட்டிலாக, வீட்டோடு வீடாக இருந்தாள். உடம்பு சூடு மட்டும் இருந்தது. அவள் வாயில் வாய் வைத்து ஊதினான். காற்று உள்ளே போகவில்லை. சுவரில் ஊதியது போல அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. தன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. வைக்கவில்லை. பயமாக இருந்தது.

வீட்டில் அவன் கைக்கு அசைந்தது கணினி மட்டும்தான்.

தரையில் கிடந்த பேட்டரியைத் தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தினான். ப்ளக்கைச் செருகினான். பவர் பட்டனை அழுத்தினான்.

பெட்டிக்குள் விசிறி கால் சுற்று துடித்து நின்றது.

அதே கணம் வீடும் துடித்தது. திரைச்சீலை ஒரு விரற்கடை நகர்ந்தது. சில்வண்டுகள் ஒரு பொட்டுச் சத்தம் போட்டன. அறையிலிருந்து மிகச் சின்னதாக ஒரு சத்தம், காற்று உள்ளே இழுபடுகிற சத்தம்.

மறுபடி எல்லாம் நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கம்பியை இழுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தான். அழுத்தினான். துடிப்பு. அவள் நெஞ்சு ஒரு இழை ஏறியது. அழுத்தினான். ஒரு இழை. ராமைக் கழற்றி மறுபடி செருகினான். அழுத்தினான். பேட்டரியைக் கழற்றி மறுபடி பொருத்தினான். அழுத்தினான். தெரிந்ததையெல்லாம் செய்தான். தெரியாததையும் செய்தான். இழை இழையாக அவள் அந்த ஒரே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழை இழையாக இமைகள் பிரிந்தன. கருவிழியின் விளிம்பு தெரிந்தது. பாதி தெரிந்தது. முழுக் கண்ணும் திறந்தது. உதடுகள் எதையோ சொல்லத் தொடங்கியிருந்தன.

ஆனால் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. கால் சுற்று சுற்றிய விசிறி அரைக்கால் சுற்றியது. பிறகு ஒரு நடுக்கம். இப்போது அழுத்தினால் விசிறி அசைந்ததா, தன் கண்தான் அசைந்ததா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து கருகல் வாசனை. ஒவ்வொரு அழுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா எரியும் என்றிருந்தான் வில்ஃப்ரிதோ.

விரலை எடுத்தான்.

அழுத்தாவிட்டால் அவள் இப்படியே இருப்பாள். அழுத்தினால் ஒரு இழை வாழ்வாள், அதுவே கடைசியாகவும் இருக்கலாம். யோசிக்க முடியாமல் எழுந்து கட்டிலின் மறுபக்கம் போய் நின்றான். அவள் கண்கள் ஜன்னல் பக்கம், அவன் சற்று முன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தபடி திறந்து கிடந்தன. அவற்றைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தான். கதவு வழியே, நின்றுபோயிருந்த கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் பட்டனைத் தொடவில்லை. எதுவும் துடிக்கவில்லை. திரைச்சீலை நின்றது. துளி நின்றது. ஈ நின்றது. ஒரு அடி இடப்பக்கம் வைத்தான். கண்கள் கூடவே வந்தன.

இவ்வளவு நேரமும் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாதி மூச்சோடு. நகராத நெஞ்சோடு.

"கண்ணே," என்றான்.

தட்டுத் தடுமாறிப் பெட்டியருகே வந்து உட்கார்ந்தான். விரல் தானாகப் பட்டன் மேல் போனது. அராமியின் கண்கள் அவன் முகத்தை விட்டு இறங்கி, தோள் வழியாக, முழங்கை வழியாக வந்து, அந்த விரலில் நின்றன. அழுத்து என்கிறாளா, அழுத்தாதே என்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டது. அது விழவில்லை.